ஐந்தாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு: க்ளே சுடுகளத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு வழி செய்தல்

க்ளே, அதாவது பறக்கும் தட்டு, சுடப் பழக வேண்டும் என்று வீல்சேரில் வரும் ஒருவர் கேட்டால், சங்கங்களில் முதலில் எழும் கேள்வி, "துப்பாக்கியை எப்படிப் பிடிப்பீர்கள்?" என்பதுதான். கேட்பவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார். ஆனால் அதற்கு விடை பல நாடுகளில் எப்போதோ கிடைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியும், செயற்கைக் காலில் நின்றபடியும், ஒரு கையின் பலத்தை மட்டும் நம்பியும் பறக்கும் தட்டை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் யாரும் கேட்காத கேள்விகள் வேறு. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முதல் ஸ்டேஷன் (சுடும் நிலை) வரை இவர் எப்படி வந்து சேர்வார்? ஐந்தாம் ஸ்டேஷனில் சுட்டு முடித்ததும் மறுபடி முதல் ஸ்டேஷனுக்கு எந்தத் தரையில் போவார்? நடுவே கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் என்ன செய்வார்? இந்த அத்தியாயம் அவற்றைப் பற்றியது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கத்திலிருந்து இந்த விளையாட்டுக்கு வர நினைப்பவருக்கும், அவரை வரவேற்கக் கடமைப்பட்ட சங்கத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

சென்னீர்குப்பத்தில் இருப்பவருக்கு

சென்னீர்குப்பத்தில், பறக்கும் தட்டைச் சுடும் ட்ராப் களம் அமைய வாய்ப்பில்லை. தோட்டாவிலிருந்து சிதறும் ஈயக் குண்டுகள் விழுந்து அடங்க, சுடும் வரிசைக்கு முன்னால் 200 மீட்டருக்கு மேல் ஆள் நடமாட்டமில்லாத வெற்று நிலம் வேண்டும். பூந்தமல்லி–ஆவடி சாலையின் இரு பக்கமும் வீடும் கடையும் கம்பெனியும் நெருக்கிக்கொண்டு நிற்கும் இந்த ஊரில் அப்படி ஒரு நிலத்தைத் தேடிப் பயனில்லை. ஆனால் சுடுதல் என்ற விளையாட்டு இந்த வட்டாரத்துக்குப் புதிதும் இல்லை. 2021 மார்ச்சில் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டி ஆவடியில் நடந்தது. நடிகர் அஜித் குமார் அதில் பதக்கங்கள் வென்றதால் பலருக்கும் நினைவிருக்கும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் சுடுதல் பிரிவு வேளச்சேரி குருநானக் கல்லூரி ரேஞ்சில் நடந்தது. ட்ராப் என்றால் தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வருவது புதுக்கோட்டை. அந்த ஊர் தொண்டைமான் குடும்பத்து பிரித்விராஜ் தொண்டைமான், ஹாங்சோ ஆசியப் போட்டியில் அணித் தங்கம் வென்று, 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் சுட்டவர்.

எனவே இங்கிருந்து கிளம்புபவரின் பாதை இப்படித்தான் இருக்கும்: முதலில் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் உள்ள ஒரு ரேஞ்சில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள், பிறகு சங்கத்தில் உறுப்பினராகி ஷாட்கன், பிறகு ட்ராப் களம் இருக்கும் இடத்துக்குப் பயணம். 0.177 அங்குலத்துக்கு மேற்படாத விட்டமும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் கன்னுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. நாற்காலியில் உடம்பை நிலைப்படுத்துவது, மூச்சை அடக்குவது, ட்ரிக்கர் இழுப்பது ஆகியவற்றை அதிலேயே கற்றுக்கொள்ளலாம்.

12 போர் ஷாட்கன்னுக்கு உரிமம் கட்டாயம். பூந்தமல்லி வட்டாரம் 2022 ஜனவரி 1-இல் உருவான ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகிறது. விண்ணப்பம் அங்கேதான் போக வேண்டும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் கால் இல்லாதவருக்கோ கை குறைந்தவருக்கோ உரிமம் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் விண்ணப்பதாரர் 'தகுதியற்றவர்' என்று அதிகாரி கருதினால் மறுக்கலாம் என்ற இடம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குள் உடற்குறையை யாரும் திணித்துவிடாமல் இருக்க, மருத்துவச் சான்றில் ஊனத்தின் சதவீதம் மட்டும் இருந்தால் போதாது. இன்ன வகைத் துப்பாக்கியை இன்ன நிலையில் இவரால் பாதுகாப்பாகக் கையாள முடியும் என்று மருத்துவர் எழுதியிருக்க வேண்டும். அதோடு சங்கப் பயிற்சியாளரின் கடிதத்தையும் இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குச் சட்டத்தில் வழி உண்டு.

ரைஃபிளுக்கும் ட்ராப்புக்கும் உள்ள வேறுபாடு

இந்தியாவில் பாரா துப்பாக்கிச் சுடுதலுக்குப் பெரிய பெயர் இருக்கிறது. அவனி லெகரா டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக்குகளில் தங்கம் வென்றார். மனீஷ் நர்வால், சிங்ராஜ் அதானா, மோனா அகர்வால், ரூபினா பிரான்சிஸ் என்று பட்டியல் நீள்கிறது. 2024 மார்ச்சில் பாரா சுடுதல் உலகக் கோப்பையே டெல்லி கர்ணி சிங் ரேஞ்சில் நடந்தது. ஆனால் இவர்கள் அனைவரும் ரைஃபிள் அல்லது பிஸ்டல் சுடுபவர்கள். அந்த விளையாட்டில் ஒருவருக்கு ஒரு லேன், ஒரு மேசை. ஒருமுறை நாற்காலியைச் சரியாக நிறுத்திவிட்டால் போட்டி முடியும்வரை நகர வேண்டாம். கூரை உண்டு, சிமென்ட் தரை உண்டு.

ட்ராப்பில் ஒவ்வொரு தட்டுக்கும் இடம் மாற வேண்டும். திறந்தவெளி, வெயில், மண். அதனால்தான் ரைஃபிள் ரேஞ்ச் நடத்திப் பழகியவர்கள்கூட ட்ராப் களத்தில் வழி செய்யத் தவறுகிறார்கள். உலக அளவிலும் பாரா ட்ராப் இளைய விளையாட்டுத்தான். அதற்கான முதல் உலக சாம்பியன்ஷிப் 2018-இல் இத்தாலியின் லொனாட்டோவில் நடந்தது. சுடுதல் 1976 டொராண்டோவிலிருந்தே பாராலிம்பிக்கில் இருந்தும், டோக்கியோவிலும் பாரிஸிலும் ட்ராப்புக்கு இடம் கிடைக்கவில்லை. பாரா ட்ராப்பில் பிரிவுகள் மூன்று. உடல் சமநிலை குறைந்து நாற்காலியில் உட்கார்ந்து சுடுபவர்களுக்கு எஸ்ஜி-எஸ். காலில் குறைபாடு இருந்தும் நின்று சுடுபவர்களுக்கு எஸ்ஜி-எல். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கு எஸ்ஜி-யு. உள்ளூர்ச் சங்கப் போட்டியில் மூன்று பேர் வந்தால் மூன்று பிரிவு வைக்கத் தேவையில்லை. எல்லோரோடும் ஒரே ஸ்குவாடில் (சுடும் குழுவில்) சுடட்டும். ட்ராப்பின் நல்ல அம்சமே அதுதான்: தட்டு யாருக்கும் மெதுவாகப் பறப்பதில்லை.

தட்டுச் சுடும் இன்னொரு வகையான ஸ்கீட் பற்றி ஒரே ஒரு சொல். அதில் தட்டு கண்ணில் படும்வரை துப்பாக்கிக் கட்டையை இடுப்பு மட்டத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நாற்காலியின் கைப்பிடியும் சக்கரமும் அங்கேதான் இடிக்கும். புதிதாகத் தொடங்குபவர், துப்பாக்கியைத் தோளில் ஏற்றியபடியே தட்டைக் கேட்க அனுமதிக்கும் ட்ராப்பில் தொடங்குவது நல்லது.

ஒரு ரவுண்டில் எவ்வளவு தூரம்

களத்தின் அமைப்பை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். முன்னால் பள்ளம், அதற்குள் 15 எறிபொறிகள். அதிலிருந்து 15 மீட்டர் பின்னால் ஒரே வரிசையில் ஐந்து ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே 3 முதல் 3.3 மீட்டர். ஆறு பேர் கொண்ட ஸ்குவாட். ஒவ்வொருவரும் ஒரு தட்டைச் சுட்டுவிட்டு வலப்பக்க ஸ்டேஷனுக்கு நகர்வார்கள். ஐந்தாவதில் சுட்டவர், வரிசைக்குப் பின்னால் மூன்று நான்கு மீட்டர் தள்ளிப் போகும் பாதை வழியாக முதல் ஸ்டேஷனுக்குத் திரும்புவார். 25 தட்டு முடிந்தால் ஒரு ரவுண்ட்.

கூட்டிப் பாருங்கள். வலப்பக்கம் நகர்வது ஐந்து முறை 12, 13 மீட்டர். திரும்பி வருவது நான்கு முறை அதே அளவு. சுற்றி வருவதையும் சேர்த்தால் ஒரு ரவுண்டுக்கு 120 மீட்டருக்கு மேல். 125 தட்டுப் போட்டியில் ஐந்து ரவுண்டுக்கு 600 மீட்டருக்கு மேல். நடக்கிறவருக்கு இது கணக்கிலேயே வராது. ஜல்லியிலோ புழுதியிலோ சக்கரத்தைத் தள்ளுகிறவருக்கு, சுடுவதற்குத் தேவையான தோள்பட்டை பலம் இங்கேயே தீர்ந்துவிடும். நாற்காலியின் முன்சக்கரம் சிறியது. ஒரு விரல்கடை ஜல்லியில்கூட மாட்டிக்கொண்டு திரும்பிவிடும். பின்னால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள் என்ற கூச்சம் வேறு. இரண்டாம் ரவுண்டிலேயே போதும் என்று சொல்லிப் போய்விடுபவர்களைச் சங்கத்தார் 'ஆர்வம் குறைந்தவர்' என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவரை விரட்டியது ஜல்லி.

இங்கே ஸ்குவாட் அமைப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. நடக்கச் சிரமப்படுபவருக்கு உதவுகிறோம் என்று ஆள் குறைவான ஸ்குவாடில் போடுவது வழக்கம். அது அவருக்கு எதிராகவே முடியும். ஆறு பேர் இருந்தால், ஐந்தாம் ஸ்டேஷனில் அவர் சுட்டபிறகு மற்ற ஐந்து பேரும் ஒவ்வொரு தட்டு சுட்டு முடித்த பின்புதான் முதல் ஸ்டேஷனில் அவர் முறை வரும். நிதானமாக வந்து, பிரேக் போட்டு, மூச்சு வாங்க நேரமிருக்கும். ஐந்தே பேர் என்றால் ஐந்தாம் ஸ்டேஷனில் சுட்டவர்தான் அடுத்ததாக முதல் ஸ்டேஷனிலும் சுட வேண்டும். களம் முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டு நிற்கும். எனவே நாற்காலியில் சுடுபவரையும் காலில் காலிப்பர் அணிந்தவரையும் எப்போதும் ஆறு பேர் நிறைந்த ஸ்குவாடில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆள் குறைந்தால் ஒரு பயிற்சி உறுப்பினரை நிரப்புங்கள்.

தரை

பாதைக்கான அளவுகளை நாமாகக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. மத்திய அரசின் 2021-ஆம் ஆண்டு அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளில் இருக்கின்றன. பாதை குறைந்தது 1.2 மீட்டர் அகலம். நாற்காலி திரும்பும் இடத்தில் ஒன்றரை மீட்டர். இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் 1.8 மீட்டர், சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இந்தக் கடைசிக் கணக்கில்தான் நம் மேஸ்திரிகள் இடத்தைச் சேமிக்கிறார்கள். நாலடி நீளத்தில் ஓரடி ஏறும் சாய்தளத்தில் நாற்காலி ஏறாது. ஏறினால் பின்பக்கமாகக் கவிழும். கட்டி முடித்தபின் அளக்கப் போகாதீர்கள், மண் கொட்டும்போதே நின்று அளந்து பாருங்கள்.

நிரந்தரக் களமென்றால் சிமென்ட் தரை நல்லது. பேவர் பிளாக் பரவாயில்லை, ஆனால் இரண்டு மழைக்காலம் கழித்து அங்கங்கே இறங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை பிரித்துச் சமன் செய்ய வேண்டும். ஸ்டேஷனின் தரை மட்டமும் பாதையின் மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். பல இடங்களில் ஸ்டேஷனை ஒரு சாண் உயர்த்திக் கட்டிவிடுகிறார்கள். துப்பாக்கி உதைக்கும்போது நாற்காலி பின்னால் நகர்ந்தால் அந்த விளிம்பில் சக்கரம் இறங்கிவிடும், அதுவும் கையில் தோட்டா போட்ட துப்பாக்கியோடு. விதிப்படி வரையும் ஒரு மீட்டர் சதுரக் கோடு அப்படியே இருக்கட்டும். அதைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குச் சமதளம் போடுங்கள். தட்டைக் கூப்பிடும் குரலைக் கேட்கும் மைக் ஸ்டாண்டு, நாற்காலியின் கால்பலகையில் இடிக்காத தூரத்துக்கு நகர வேண்டும்.

இரண்டு நாள் போட்டிக்காக வாடகைக்கு எடுத்த மைதானம் என்றால் சென்ட்ரிங் கடைக்குப் போங்கள். எட்டுக்கு நாலு அடி பிளைவுட்டின் அகலம் நான்கு அடி. அதாவது பாதைக்குச் சொன்ன 1.2 மீட்டர்தான். ஆறு ஷீட் போட்டால் ஐந்து ஸ்டேஷன்களின் நீளமும் அடங்கும். திரும்பும் பாதைக்கு இன்னொரு ஆறு, இரு முனைகளிலும் திரும்ப நான்கு. இணைப்புகளுக்கு அடியில் ரீப்பர் கொடுத்து ஸ்க்ரூ முடுக்க வேண்டும்; வெறுமனே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் ஒன்றின் விளிம்பு தூக்கிக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்து ஈரத்திலேயே மணல் தூவினால் வழுக்காது.

தற்காலிகப் பாதையை எப்படிப் பொருத்துகிறோம் என்பதில் சென்னைக்கு ஒரு பாடம் உண்டு. மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடல் அருகே போக 263 மீட்டர் மரப்பாதை 1.14 கோடி ரூபாயில் அமைத்து, 2022 நவம்பர் 27-இல் திறந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சீரமைத்தார்கள். அந்தப் பாதை வந்தது மிகப் பெரிய காரியம். அதில் போய் முதல்முறை அலையில் கால் நனைத்தவர்களின் மகிழ்ச்சியை இந்த நகரம் பார்த்தது. சுடுகளம் நடத்துபவர் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, நம் ஊரில் எந்தப் பாதையையும் வடகிழக்குப் பருவமழையை நினைத்துத்தான் போட வேண்டும் என்பதை. செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தண்ணீர் தேங்காத மைதானம் அரிது. திறந்த மைதானத்தில் அந்த மூன்று மாதம் போட்டி வைக்காமல் இருப்பதே மாற்றுத்திறனாளிகளுக்குச் செய்யும் மரியாதை.

மடியில் துப்பாக்கி

இதை எல்லாச் சங்கப் பயிற்சியாளர்களும் இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நடப்பவர் துப்பாக்கியை மடித்துத் திறந்து, காலி என்று எல்லோருக்கும் தெரியும்படி கையிலோ தோளிலோ போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டேஷனுக்குப் போவார். நாற்காலியை இரு கையாலும் தள்ளுபவர் துப்பாக்கியை எங்கே வைப்பார்? மடியில்தான். அங்கே இரண்டு ஆபத்து. ஒன்று, குழல் வாய் பக்கவாட்டில் இருப்பவரை நோக்கித் திரும்பும். காலி துப்பாக்கிதான் என்றாலும் சுடுகளத்தில் அதை யாரும் அனுமதிக்கக் கூடாது. இரண்டாவது ஆபத்து வெளியில் தெரியாது. ரவுண்டின் பாதியிலேயே குழல் சூடேறத் தொடங்கிவிடும். முதுகுத் தண்டு பாதித்தவருக்குத் தொடையில் உணர்வு இருக்காது. சூடான குழல் தொடையில் கிடந்தால் அவருக்கு வலிக்காது. தோல் வெந்து கொப்புளம் வந்திருப்பது வீட்டுக்குப் போய் உடை மாற்றும்போதுதான் தெரியும். அந்தப் புண் ஆற வாரக்கணக்கில் ஆகும். அழுத்தப் புண்ணாக மாறினால் மாதக்கணக்கில் படுக்கை. துப்பாக்கியிலிருந்து வெளியே தெறிக்கும் சூடான காலித் தோட்டா மடியில் விழுந்து இடுக்கில் தங்கினாலும் இதே கதைதான்.

செய்ய வேண்டியது சுலபம். நாற்காலியின் முன்பக்கச் சட்டத்தில், கால்பலகை ஓரமாக, ரப்பர் பதித்த ஒரு கொக்கி. திறந்து மடித்த துப்பாக்கி அதில் செங்குத்தாக, குழல் வாய் தரையைப் பார்த்துத் தொங்க வேண்டும். வெல்டிங் பட்டறையில் அரைநாள் வேலை. கொக்கி இல்லாத நிலையில், ரெஃப்ரியிடம் முன்கூட்டிச் சொல்லி ஸ்குவாடில் ஒருவர் துப்பாக்கியை எடுத்து வரலாம். மடியில் தடித்த தோல் விரிப்பு எப்போதும் கிடக்கட்டும். தோட்டாக்களை ஜாக்கெட்டின் பக்கப் பையில் வைத்தால் இடுப்புக்கும் நாற்காலிக்கும் நடுவே நசுங்கும், எடுக்க வராது. நாற்காலியின் வலப்பக்கம் ஒரு பை தைத்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கத்தில் ஒரு மடக்கு வீல்சேர் இருக்கிறது, அதில் உட்கார்ந்து சுடுங்கள் என்று சொல்லாதீர்கள். மருத்துவமனையில் பார்க்கும் அந்த நாற்காலிக்கு முதுகு உயரம், கைப்பிடி உயரம். முழங்கை இடிக்கும், உடம்பைத் திருப்ப முடியாது. அவர் தினமும் பயன்படுத்தும் நாற்காலிதான் அவர் உடம்புக்குப் பழகியது. வலக்கைக்காரர் நாற்காலியைத் தட்டு வரும் திசைக்கு நேராக வைக்காமல் சற்றே வலப்பக்கம் திருப்பி நிறுத்தினால், இடப்பக்கமும் வலப்பக்கமும் 45 பாகை வரை பறக்கும் தட்டுகளைத் துரத்த இடம் கிடைக்கும். இரண்டு பிரேக்கும் இறுகப் பிடிக்கிறதா என்பதைச் சுடுவதற்கு முன் ரெஃப்ரியே பார்க்கட்டும். பின்பக்கம் கவிழாமல் தடுக்கும் சிறு சக்கரங்கள் இல்லாத நாற்காலியில் 12 போர் சுட விடக் கூடாது. 24 கிராம் தோட்டாதான் சர்வதேசப் போட்டியின் உச்சவரம்பு. பழகுபவருக்கு அதற்கு மேல் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

நின்று சுடுபவர்களை மறந்துவிடுகிறோம். போலியோவால் கால் சூம்பியவர்கள், விபத்தில் முழங்காலுக்குக் கீழ் இழந்தவர்கள் பலர், "நான் நின்னுக்கிறேன் சார்" என்று சொல்லிவிடுவார்கள். அதை நம்பி விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் பின்னால் கைப்பிடி வைத்த ஒரு ஸ்டூல் போடுங்கள். யாருக்கென்று பெயர் எழுதாமல் போட்டால் எழுபது வயது உறுப்பினரும் உட்கார்ந்துகொள்வார். கேட்கக் கூச்சப்படுபவரும் உட்காருவார்.

காது கேளாதவர், கண் தெரியாதவர்

காது கேளாதவருக்கு ட்ராப்பில் பெரிய தடை எதுவும் இல்லை. எல்லோரும்தான் காதை அடைத்துக்கொண்டு சுடுகிறார்கள். குரலில் இயங்கும் மைக், சொல்லைப் புரிந்துகொள்வதில்லை, ஒலியை மட்டும் கேட்கிறது. 'புல்' என்று தெளிவாகச் சொல்ல வராதவர் எந்த ஒலி எழுப்பினாலும் தட்டு பறக்கும். ஒலியே வராதவருக்கு ரெஃப்ரி கையால் பொத்தான் அழுத்த வேண்டும். சைகை என்னவென்று ரவுண்ட் தொடங்குமுன் இருவரும் ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும்.

கவனம் வேண்டிய இடம் 'ஸ்டாப்' கட்டளை. தோட்டா போட்டு மூடிய துப்பாக்கியோடு நிற்பவரின் தோளைப் பின்னாலிருந்து தொடுவது ஆபத்து. அவர் அப்படியே திரும்பிவிடுவார். பள்ளத்தின் கூரை ஓரத்தில், அவர் பார்வை ஏற்கெனவே பதிந்திருக்கும் இடத்தில், ஒரு சிவப்பு விளக்கு வையுங்கள். அது எரிந்தால் துப்பாக்கியைத் திறக்க வேண்டும் என்பது ஸ்குவாடில் எல்லோருக்கும் பொதுவான விதியாகட்டும். தட்டு உடைந்ததா தப்பியதா என்பதையும் ஹாரனில் மட்டும் அறிவிக்காமல் பலகையில் காட்டுங்கள்.

பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும் மத்திய அரசு நிறுவனத்தின் மண்டல மையமும் இருப்பதால் இந்தக் கேள்வி இங்கே நிச்சயம் வரும். பறக்கும் தட்டைப் பார்வையற்றவர் சுட முடியாது. அப்படி நம்பிக்கை கொடுக்கக் கூடாது. ஆனால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் பார்வையற்றோர் பிரிவு சர்வதேச அளவில் இருக்கிறது. இலக்கின் மையத்தை நெருங்க நெருங்க ஹெட்ஃபோனில் ஒலியின் சுருதி மாறும், காதால் குறிபார்ப்பார்கள். இந்த வட்டாரத்துச் சங்கம் ஒன்று அந்தக் கருவியை வாங்கி வைத்தால், கற்றுக்கொள்ள மாணவர்கள் சில கிலோமீட்டருக்குள் இருக்கிறார்கள். இதைச் செய்ய ஒரு சங்கம் முன்வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வெயிலும் கழிப்பறையும்

முதுகுத் தண்டின் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளாது. நமக்குப் புழுக்கமாக இருக்கும் ஏப்ரல் காலை அவருக்கு ஆபத்தான காலை. அவருடைய ஸ்குவாடைக் காலை ஏழு மணிக்கு வையுங்கள். காத்திருக்கும் இடத்தில் ஷாமியானா, ஃபேன், தண்ணீர் தெளிக்க ஒரு ஸ்ப்ரே பாட்டில். முகம் சிவந்து, பேச்சு குழறினால் அவர் 'இன்னும் ஒரு ரவுண்ட்' என்றாலும் நிறுத்தி நிழலுக்குக் கொண்டு போக வேண்டும்.

வெயிலுக்குப் பயந்து தண்ணீர் குடி என்று சொன்னால் மட்டும் போதாது. குடித்தால் போவதற்கு இடம் வேண்டும். போட்டி நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறவர்கள் இருக்கிறார்கள், பெண்கள் குறிப்பாக. காரணம் கழிப்பறை. கதவு 90 சென்டிமீட்டர் திறக்க வேண்டும், வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர். மேற்கத்தியக் கோப்பை, பக்கத்தில் பிடிமானக் கம்பி. கத்தீட்டர் பயன்படுத்துபவர் கை கழுவ சோப்பும், பொருளை வைக்க ஒரு தட்டும், மூடிய குப்பைத் தொட்டியும். வாடகைக்கு வரும் பயோ டாய்லெட்டுகள் பெரும்பாலும் இரண்டு படி உயரத்தில் நிற்கும். முன்பதிவு செய்யும்போதே சாய்தளம் உள்ள அகலமான ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால், பக்கத்தில் நல்ல கழிப்பறை உள்ள திருமண மண்டபத்தையோ பள்ளியையோ பேசி வைத்து, போய் வர ஒரு வண்டி நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், பணம் ஒரு விஷயத்துக்குத்தான் இருக்கிறது என்றால் பரிசுக் கோப்பைக்குச் செலவழிக்காமல் இதற்குச் செலவழிக்கச் சொல்வேன்.

அறிவிப்பில் எழுத வேண்டியவை

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு விளையாட்டைப் பற்றியது. விளையாட்டு அமைப்புகள் தங்கள் வசதிகளை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்றியமைக்க வேண்டும் என்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சங்கம் அரசு நிலத்தில் இருந்தாலோ அரசு உதவி பெற்றாலோ இதைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

போட்டி அறிவிப்பில் 'மாற்றுத்திறனாளிகளும் கலந்துகொள்ளலாம்' என்ற ஒற்றை வரியால் யாருக்கும் பயனில்லை. சென்னீர்குப்பத்திலிருந்து இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருபவருக்குத் தெரிய வேண்டியவை: ஸ்கூட்டரைச் சுடும் வரிசைக்கு எவ்வளவு அருகே கொண்டு வரலாம், அங்கிருந்து என்ன தரை, கழிப்பறை எத்தனை மீட்டரில், துணைக்கு வருபவருக்குக் கட்டணம் உண்டா, எந்தத் தேதிக்குள் தேவையைச் சொல்ல வேண்டும். இருக்கும் நிலையை இருப்பதுபோல எழுதுங்கள். 'பாதையில் 20 மீட்டர் மண் தரை, தள்ளிவிட ஆள் உண்டு' என்று எழுதினால் வருபவர் முடிவு செய்துகொள்வார். எல்லா வசதியும் உண்டு என்று எழுதி, அவர் வந்தபின் நான்கு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போவதுதான் மிகப் பெரிய அவமானம். கொடுக்கும் தொலைபேசி எண்ணில், மைதானத்தை டேப் வைத்து அளந்த ஆளே பேச வேண்டும்.

விண்ணப்பப் படிவத்தில் என்ன ஊனம் என்று கேட்பதைவிட என்ன ஏற்பாடு வேண்டும் என்று கேளுங்கள். மருத்துவ விவரம் பிரிவு நிர்ணயிக்கும் அதிகாரிக்கு மட்டும் போகட்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். ரெஃப்ரிகளை முந்தைய நாள் மாலை கூப்பிட்டு, நாற்காலியில் ஒருவரை உட்கார வைத்து, தோட்டா இல்லாமல் ஒரு முழு ரவுண்ட் நடத்திப் பாருங்கள். எந்த இணைப்பில் சக்கரம் தட்டுகிறது, மைக் எங்கே இடிக்கிறது, கொக்கியிலிருந்து துப்பாக்கியை எடுக்க எத்தனை விநாடி ஆகிறது என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். சரிசெய்ய இரவு மிச்சமிருக்கும்.

பரிசளிப்பு மேடையையும் அன்றே பாருங்கள். மூன்று படி வைத்த வெற்றி மேடை வேண்டாம். தரையிலேயே 1, 2, 3 என்று அகலமான மூன்று கட்டங்களைப் பெயின்ட் அடித்துவிட்டால் நிற்பவர் நிற்கலாம், நாற்காலியில் வருபவர் நேராக வந்து நிறுத்தலாம். பதக்கம் போடுபவர் குனிந்து போடட்டும்.